கரையில் இறங்கும் அகதிகளுக்குக் கைகொடுப்பது எப்படி? உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2022 மார்ச் 22. இலங்கையில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். மன்னார்ப் பக்கமிருந்து வந்த படகு ஒன்று, கைக்குழந்தையோடு ஆறு பேரைத் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அங்கே ஒதுங்க நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. இந்தியக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் அவர்களை மீட்டது. அன்று இரவே இன்னும் பத்துப் பேர் கரை சேர்ந்தார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக இப்படி வந்தவர்கள் 200-க்கும் மேல்.

எல்லோருக்கும் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2022 ஜூன் கடைசியில் தனுஷ்கோடி கோதண்டராமர் கோயில் கடற்கரையில் முதிய தம்பதி ஒன்று நீர் வற்றி மயங்கிக் கிடந்தது. மருத்துவமனையில் சேர்த்தும் அந்த அம்மையாரைக் காப்பாற்ற முடியவில்லை. சில நாட்களில் மதுரையில் இறந்துபோனார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் இந்தக் கடலைக் கடந்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களை முதலில் பார்ப்பவர் வலை இழுக்கும் மீனவர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர். அதிகாரிகள் வந்து சேர ஒரு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் செய்வதும், அதிகாரிகள் போன பிறகு நீங்கள் தொடர்வதும்தான் இந்த வழிகாட்டியின் பொருள். இதில் உதாரணங்கள் இராமேசுவரம் கரையைச் சேர்ந்தவை. முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனசு இருக்கும் இடத்தில் பொருளுக்குப் பஞ்சம் வருவதில்லை, வரிசைதான் தவறிப்போகிறது. பிரியாணிப் பொட்டலம் முதலிலும் ஆம்புலன்ஸ் கடைசியிலும் வந்தால் உதவியே உபத்திரவமாகும். முதலில் தண்ணீர், பிறகு மருத்துவம், பிறகு உணவு, பிறகு பதிவு, அதன் பிறகு தொடர்ந்து நிற்பது. இதுதான் வரிசை.

படி 1: ஆள் வருமுன் குழுவை அமையுங்கள்

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு அவசரத்தில் சத்தம்தான் போடும். வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- தொடர்பு ஆள்: காவல்துறை, வருவாய்த்துறை, மருத்துவமனையோடு பேசுவது இவர் ஒருவரே.
- மருத்துவ ஆள்: ஓய்வுபெற்ற செவிலியரோ, மருந்துக்கடை நடத்துபவரோ, முதலுதவிப் பயிற்சி பெற்றவரோ.
- சமையல் ஆள்: கஞ்சி முதல் மூன்று வேளைச் சாப்பாடு வரை இவர் பொறுப்பு.
- வண்டி ஆள்: நள்ளிரவிலும் போனை எடுக்கும் ஓட்டுநர்.
- பதிவேட்டு ஆள்: யார் வந்தார்கள், யார் எங்கே அனுப்பப்பட்டார்கள், எது செலவானது என்று எழுதுபவர்.

குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். வருபவர்களில் பாதிக்குமேல் பெண்களும் குழந்தைகளுமாக இருப்பது வழக்கம். ஈரத்துணி மாற்றுவதிலிருந்து மாதவிடாய்த் துணி கேட்பது வரை பல விஷயங்களை அவர்கள் ஆண்களிடம் சொல்லமாட்டார்கள்.

விஏஓ, தாசில்தார் அலுவலகம், மரைன் போலீஸ், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய நான்கு இடங்களுக்கும் முன்கூட்டியே போய் உங்கள் குழுவை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு முறை நேரில் பார்த்து டீ குடித்துவிட்டு வந்தால், நெருக்கடி நாளில் “நீங்க யாரு?” என்ற கேள்வியில் அரை மணி நேரம் வீணாகாது.

படி 2: தகவல் வந்ததும் முதல் ஐந்து நிமிடம்

கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் போனை எடுங்கள்.

- கடலில் அல்லது திட்டில் ஆள் இருந்தால்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் (மரைன் போலீஸ்) 1093.
- கரையில் இருந்தால்: காவல் 112, ஆம்புலன்ஸ் 108.
- பெரியவர் துணையில்லாத குழந்தை இருந்தால்: 1098.

சொல்ல வேண்டியவை நான்கு: சரியான இடம், எத்தனை பேர், அதில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் எத்தனை, யாராவது நினைவில்லாமல் இருக்கிறார்களா. “கோதண்டராமர் கோயிலுக்குக் கிழக்கே, ரோட்டுக்குத் தெற்கே கடல் ஓரமா” என்று ஊர் அடையாளத்தோடு சொல்லுங்கள். போனில் இருப்பிடத்தையும் அனுப்புங்கள்.

திட்டுக்கு உங்கள் படகை நீங்களாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள திட்டுகளில் முதல் சிலதான் நம் பக்கம். மற்றவை இலங்கைக் கடலில் இருக்கின்றன. எல்லை தாண்டினால் மீட்கப்போனவர் சிறைப்பட்டவர் ஆவார். கண்ணெதிரே ஆள் மூழ்குகிறார் என்றால் அது வேறு கதை. அப்போதும் தகவல் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

யாரையும் வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். தனி வண்டியில் வேறு ஊருக்கு அனுப்பாதீர்கள். இரக்கத்தில் செய்தாலும் சட்டம் அதைக் கடத்தலாகவோ அடைக்கலமாகவோ பார்க்கக்கூடும். உங்களைவிட வந்தவர்களுக்குத்தான் அதனால் கேடு அதிகம்: பதிவில் இல்லாதவருக்கு முகாமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

படி 3: தண்ணீர் – மெதுவாக, அளவாக

வெயிலில் பல மணி நேரம் இருந்தவர் ஒரு பாட்டிலை ஒரே மடக்கில் குடித்தால் பெரும்பாலும் வாந்தி எடுப்பார். நிழலில் உட்கார வைத்து, டம்ளரில் ஊற்றி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். சாதாரணத் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். கரைசல் நல்லது.

இதில் நடக்கும் பிசகு பொட்டலத்தைக் கலக்குவதில்தான். “1 லிட்டர்” என்று அச்சிட்ட பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவசரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் முழுவதையும் கொட்டினால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்தாகும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையே அளவாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பெட்டிக்கடையில் கிடைக்கும் இனிப்புப் பழச்சாறு ஓ.ஆர்.எஸ். ஆகாது.

பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு கூடிவிடக்கூடாது.

குழந்தைக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஓரளவு நீர் வற்றிய குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தாதீர்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

படி 4: யாரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்புவது?

கூட்டத்தில் சத்தம் போட்டு அழுபவரைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்கள். சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பவரிடம் முதலில் போங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-இல் ஏற்றுங்கள்:

- நினைவு தடுமாற்றம், வலிப்பு, உளறல்
- ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாதவர். கண் உள்வாங்கிய குழந்தை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழைய நிலைக்கு வராத குழந்தை
- பால் குடிக்க முடியாத அளவு சோர்ந்த கைக்குழந்தை
- மூச்சிரைப்பு, நெஞ்சுவலி
- கர்ப்பிணிக்கு இரத்தக் கசிவு, கடும் தலைவலி, குழந்தை அசைவு குறைவு
- உடம்பு கொதித்து நினைவு தவறுபவர்: வெப்ப மயக்கம். ஈரத்துணியால் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே அனுப்புங்கள்
- இன்சுலின் போட்டுக்கொள்பவர், அது தீர்ந்துபோயிருந்தால்

இன்னொரு காயம் கண்ணுக்குச் சட்டென்று படாது. ஃபைபர் படகில் நடுவில், தரையோடு தரையாக உட்கார வைக்கப்படுபவர்கள் பெண்களும் குழந்தைகளும். கேனிலிருந்து சிந்திய பெட்ரோலும் கடல்நீரும் அங்கேதான் தேங்கும். அந்தக் கலவையில் மணிக்கணக்கில் ஊறிய தொடையும் இடுப்பும் தீப்புண்போல வெந்திருக்கும், கூச்சத்தில் சொல்லமாட்டார்கள். துணியில் பெட்ரோல் வாடை வந்தால் பெண் தன்னார்வலர் மறைவிடத்துக்கு அழைத்துப் போய்த் துணியை மாற்றி, சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு நிறையக் கழுவச் செய்ய வேண்டும். நனைந்த துணியை மறுபடி உடுத்தக் கொடுக்காதீர்கள். புண்ணில் மஞ்சள், பற்பசை, மை எதையும் தடவாதீர்கள். மூடித் துணி கட்டி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

படி 5: மருத்துவரிடம் பேச உடன் போங்கள்

மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவது பாதி உதவி. ஒரு தன்னார்வலர் உள்ளே வரை போக வேண்டும். இரண்டு பக்கமும் தமிழ்தானே, பிறகென்ன என்று நினைப்போம். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் தடுமாற்றம் வருகிறது.

“எனக்கு ரெண்டு நாளா வருத்தம்” என்று ஈழத்துப் பெரியவர் சொன்னால் மனக்கவலை என்று எழுதிவிடக்கூடாது. உடம்பு சுகமில்லை என்கிறார். சத்தி என்றால் வாந்தி. வயிற்றோட்டம் என்றால் பேதி. தடிமன் என்றால் ஜலதோஷம். நாரி என்றால் இடுப்பு. முட்டு என்றால் மூச்சிரைப்பு. குளிசை என்றால் மாத்திரை. இந்த ஏழு சொற்களை எழுதிச் செவிலியர் மேசையில் ஒட்டிவைத்தாலே பெரிய உபகாரம்.

அடுத்தது, நாள்பட்ட நோய். “தம்பி, பிரசர் குளிசை கடலுக்குள்ள போயிட்டுது” என்று ஒருவர் சொல்லும்போது, சின்ன வெள்ளை மாத்திரை என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. சேலைத் தலைப்பில் முடிந்த பாலித்தீன் பையிலோ, பர்ஸிலோ வெறும் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயர் மாறாது. அதைக் கொண்டு இங்கே அதே மருந்தைத் தந்துவிட முடியும். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் – இந்த நான்குக்கும் மருந்து விட்டுப்போகக்கூடாது. இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை ஆகியவற்றை உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் தருவதாக இருந்தாலும், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், கல்லீரல் கோளாறு உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படி 6: உணவு – கஞ்சியில் தொடங்குங்கள்

ஒரு நாள் மட்டும் பட்டினி கிடந்தவருக்கு வழக்கமான சாப்பாடு தரலாம். பல நாள் உணவின்றி இருந்தவர் விஷயம் வேறு. 2015 மே மாதம், மாதக்கணக்கில் கடலில் தத்தளித்த ரோஹிங்யா மக்களை இந்தோனேசியாவின் ஆச்சே மாகாண மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அப்படி எலும்பும் தோலுமாக வருபவருக்கு வயிறு நிறையச் சோறு போட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகக்கூடும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவர் என்று தெரிந்தால் மருத்துவர் பார்க்கும் வரை நீர்க்கஞ்சி, அதுவும் கொஞ்சமாக.

மற்றவர்களுக்கு:

- முதல் வேளை: அரிசிக் கஞ்சி, உப்பு, வேண்டுமானால் பருப்புத் தண்ணீர். ஒரு பிளேன் டீ கையில் கிடைத்தாலே ஈழத்துப் பெரியவர்களுக்குப் பாதி உயிர் வரும்.
- இரண்டாம் வேளை: இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், பருப்பு, வாழைப்பழம்.
- அடுத்த நாள் முதல்: வழக்கமான சாப்பாடு.

ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி தேவை என்பது உலக அளவில் நிவாரணக் குழுக்கள் வைத்திருக்கும் அளவு. நம் கணக்கில் சொன்னால் 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், அதோடு காய்கறி, சர்க்கரை, உப்பு. 20 பேருக்கு ஒரு நாளைக்கு 8 கிலோ அரிசி, 1 கிலோ 200 கிராம் பருப்பு, அரைக் கிலோ எண்ணெய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பொட்டலச் சாப்பாடு வெளியிலிருந்து வந்தால் சமைத்த நேரத்தை அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். கரையோர வெக்கையில் தேங்காய்ச் சட்னியும் சாம்பார் சாதமும் சீக்கிரம் ஊசிப்போகும். புளியோதரை, எலுமிச்சை சாதம் தாங்கும். ஒரே வேளைக்கு மூன்று அமைப்புகள் சாப்பாடு கொண்டுவந்து, அடுத்த வேளைக்கு யாருமே இல்லாமல் போவது எங்கும் நடப்பது. சமையல் ஆள் ஒரு தாளில் ஏழு நாளுக்கு மூன்று வேளைக் கட்டம் போட்டு, யார் எந்த வேளை என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மன்னார்ப் பக்கத்தில் இந்துக்கள், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. சைவமா, ஹலாலா, விரதமா என்று கேட்டுவிட்டுச் சமையுங்கள்.

குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்றுநீர் நன்றாகவே இருக்கும். ஆனாலும் நோயாளிக்கும் குழந்தைக்கும் காய்ச்சியே கொடுங்கள்.

படி 7: குழந்தைகள், தாய்மார்கள்

பால்மாவு டப்பாவைக் கண்டபடி விநியோகிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைத்த பாட்டிலும் இல்லாத இடத்தில் புட்டிப்பால் என்பது பேதிக்கு அழைப்பு. பயத்தில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் மறைவான இடமும், குடிக்கத் தண்ணீரும், சாப்பாடும், கொஞ்சம் ஓய்வும் கிடைத்தால் பால் திரும்ப ஊறும். தாய் இல்லாத குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொல்படி புட்டிப்பால்.

பேதியாகும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்-ஸோடு துத்தநாக மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது பத்து நாள். சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பலர் நெருக்கமாகத் தங்கும் இடத்தில் தட்டம்மை காட்டுத்தீதான். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துத் தடுப்பூசி விவரத்தை முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோரோ உறவினரோ இல்லாமல் வந்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம். “எங்க வீட்லயே வச்சுக்கிறோம்” என்று அன்பாகச் சொல்பவரிடமும் ஒப்படைக்கக்கூடாது.

படி 8: பதிவும் சட்டமும்

இந்தியா 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆகவே கடவுச்சீட்டு இல்லாமல் வருபவர் முதலில் வெளிநாட்டவர் குறித்த சட்டத்தின்கீழ்தான் பார்க்கப்படுகிறார். 2022-இல் முதலில் வந்த பெரியவர்கள் கைதாகி நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகே மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் விசாரணை முடிந்து நேராக முகாமுக்கே அனுப்பப்பட்டார்கள்.

மரைன் போலீஸ், கியூ பிரிவு, மற்ற புலனாய்வு அமைப்புகள் என்று ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். அதில் நீங்கள் குறுக்கிட முடியாது, குறுக்கிடவும் வேண்டாம். இவற்றைச் செய்யலாம்:

- விசாரணைக்கு முன் தண்ணீரும் மருத்துவப் பரிசோதனையும் கிடைக்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள்.
- ஒரு குடும்பத்தைப் பிரித்து வெவ்வேறு வண்டியில் ஏற்றினால் யார் எங்கே போகிறார்கள் என்று எழுதிவைத்து அவர்களிடமும் சொல்லுங்கள்.
- இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் இதைக் கட்டணமின்றிப் பெறலாம்.
- நனைந்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஏதாவது இருந்தால் உலர்த்திப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

“கட்டாயம் குடியுரிமை கிடைக்கும்”, “திருப்பி அனுப்பமாட்டார்கள்” என்று எந்த வாக்கும் தராதீர்கள். தெரியாததற்குத் “தெரியாது, விசாரிச்சுச் சொல்றேன்” என்பதே போதும். சொன்னபடி மறுநாள் வந்து சொல்லுங்கள்.

படி 9: என்ன கேட்பது, எதைக் கேட்கக்கூடாது

“என்ன ஆச்சு, எப்படி வந்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க?” – கரையில் கூடும் ஒவ்வொருவரும் இதையே கேட்பார்கள். ஒரே கதையைப் பத்து முறை சொல்ல வைப்பது அவர்களை மறுபடி படகில் ஏற்றுவதற்குச் சமம். நீங்கள் கேட்க வேண்டியவை: “இப்ப என்ன வேணும்? யாரோட வந்தீங்க? யாருக்காவது போன் பண்ணணுமா?” ஊரில் இருப்பவருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்லும் அந்த ஒரு அழைப்பு பல மாத்திரைகளுக்குச் சமம்.

உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. ஆறுதல் சொற்பொழிவு அதில் இல்லை. அருகில் உட்காருங்கள், பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் உட்காருங்கள். நாட்கள் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் என்ற பேச்சு வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

முகம் தெரியும் படம் எடுக்காதீர்கள், பகிராதீர்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் அவர்கள் ஊரில் கடன் கொடுத்தவரும், படகுக்காரரும், அங்கே மிஞ்சியிருக்கும் குடும்பத்தை மிரட்டக்கூடியவரும் இருக்கலாம். நன்கொடையாளருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பொருட்களையும் ரசீதையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

படி 10: பணமும் கணக்கும்

முடிந்தவரை பொருளாக, தேவைப் பட்டியல்படி வாங்குங்கள். பணம் வசூலித்தால் இரண்டு பேர் கையெழுத்தோடு ஒரு நோட்டு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, வாரம் ஒரு முறை குழுவில் கணக்கு.

வெளிநாட்டுத் தமிழர்கள் உடனே பணம் அனுப்ப முன்வருவார்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெறாத குழு அதை வாங்கக்கூடாது. தனிநபர் கணக்கில் வாங்குவது இன்னும் சிக்கல். களத்தில் நெடுங்காலம் இருக்கும், முறையாகப் பதிவான அமைப்புகளுக்கு அவர்களைத் திருப்பிவிடுங்கள். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பும் தமிழக முகாம்களை நன்கு அறிந்தவை.

பழைய துணி மூட்டை வேண்டாம். கிழிந்த சட்டைகளைப் பிரிக்கவே இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு செட் புது உள்ளாடை, ஒரு நைட்டி அல்லது லுங்கி, ஒரு துண்டு, செருப்பு. இதுவே உருப்படியான உதவி.

படி 11: பத்தாவது நாள்

முதல் நாள் கேமராக்கள் இருக்கும். அரசியல் கட்சிக் கொடிகளும் இருக்கும். பத்தாவது நாள் யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் குழு உண்மையில் தேவைப்படுவது அன்றுதான்.

மண்டபம் முகாம் பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய இடம். இன்று அது மறுவாழ்வு முகாம். உள்ளே போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எழுத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கு மேல் முகாம் மேம்பாட்டுக்கு அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையும் 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆனது. ஆனால் பழைய முகாம்வாசிகளுக்குக் கிடைப்பதெல்லாம் புதிதாக வந்தவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. 2022-இல் வந்தவர்களின் நிலை நீண்ட காலம் இழுபறியில் கிடந்தது. ஆகவே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தொடர வேண்டியவை:

- மாத்திரை தீரும் தேதியைப் பதிவேட்டில் குறித்து, ஒரு வாரம் முன்பே நினைவூட்டுவது. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது.
- கர்ப்பிணிகளின் பரிசோதனை நாளுக்கு வண்டி.
- பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் பேசுவது.
- பெரிய அறுவை சிகிச்சை வேண்டியவருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று முகாம் அலுவலகத்தில் விசாரிப்பது. பதிவான முகாம்வாசிகளுக்கு அதில் இடமுண்டு.

நீண்ட ஓட்டத்துக்கு மிசோரம் நல்ல உதாரணம். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் சின் மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். தேவாலயங்களும் யங் மிசோ அசோசியேஷன் கிளைகளும் வீடு வீடாக அரிசியும் காய்கறியும் விறகும் திரட்டி அவர்களைத் தாங்கின. ஒவ்வொரு வீடும் கொடுத்தது கொஞ்சம்தான். திரும்பத் திரும்பக் கொடுத்ததால் அது தாங்கியது.

எப்போதும் தயாராக இருக்க வேண்டிய பெட்டி

ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் 20 பேருக்கு:

- 1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 40, எவர்சில்வர் டம்ளர் 20, தேக்கரண்டி 10
- 20 லிட்டர் கேன் தண்ணீர் இரண்டு
- சோப்பு, துண்டு, நைட்டி, லுங்கி, குழந்தை உடை
- சானிட்டரி நாப்கின், குழந்தைக்கு மெத்தென்ற பருத்தித் துணி
- கட்டுத்துணி, கையுறை, வெப்பமானி, டார்ச்
- தார்ப்பாய் ஒன்று, கயிறு
- நோட்டு, பேனா, சார்ஜர், பவர் பேங்க்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலாவதித் தேதியைப் பாருங்கள்.

புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

*உதவினால் போலீஸ் வழக்கு வருமா?* தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பவர் மேல் வழக்குப் போட முகாந்திரம் இல்லை. மறைப்பதும் கடத்துவதும்தான் வம்பு.

*என்னிடம் பணம் இல்லை, நான் என்ன செய்ய?* மருத்துவமனையில் துணைக்கு இருக்க ஆள் கிடைப்பதுதான் அபூர்வம். வாரம் ஒரு இரவு கொடுத்தாலே போதும்.

*எல்லோருக்கும் உதவ முடியவில்லையே?* முடியாது. உங்கள் குழு எடுத்துக்கொண்ட வேலையை, எடுத்துக்கொண்ட ஆட்களுக்கு, சொன்ன நாளில் முடியுங்கள். மற்றதை அரசிடமும் அமைப்புகளிடமும் எழுத்தில் கேளுங்கள்.

*எதிலிருந்து தொடங்குவது?* இந்த வாரம் மூன்று வேலை: ஆறு பேரைச் சேருங்கள், பெட்டியை வாங்கி நிரப்புங்கள், மரைன் போலீஸ் நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.